பேசாத பீமன்

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு துணிக்கடையில் நின்று 'சாண்டோ' என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கையில்லாத பனியனை எடுத்துப் போடுவார். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். உழைப்பவர்களின் தோளோடு ஒட்டிக்கிடக்கிற இந்தச் சொல், ஐரோப்பாவில் பிறந்த ஒரு மனிதரின் பெயர். அதே பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, பேசாத படங்களின் காலத்தில் பம்பாய்த் திரையில் கதாநாயகனாக நின்றவர் புதுக்கோட்டைக்காரர் ஒருவர். பனியனுக்கு இருக்கிற ஞாபகம்கூட அவருக்கு மிஞ்சவில்லை. பி.கே. நாகலிங்கம் என்கிற ராஜா சாண்டோவின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது எழுகிற முதல் வருத்தம் இதுதான்.

மூலச் சாண்டோ, யூஜின் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867-இல் பிறந்தவர். எடை தூக்குவதைக் காட்டிலும் தசையை அழகாகக் காட்டுவதில் பெயர் பெற்றவர். 1894-இல் எடிசனின் படப்பிடிப்புக் கொட்டகையில் கேமராவுக்கு முன் நின்று கைகளை மடக்கி, முதுகை விரித்துக் காட்டினார். சினிமா பிறந்த புதிதில் பதிவான மனித உருவங்களில் அதுவும் ஒன்று. ஒரு மனிதன் ஒரு சொல்லும் பேசாமல், தன் உடம்பை மட்டும் வைத்து ஆயிரம் பேரைப் பார்க்க வைக்க முடியும் என்பதைத் திரை அப்போதே கண்டுகொண்டது. 1904-05இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதன் பிறகு நாடெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் அவருடைய படம் தொங்கியது. பலசாலி இளைஞர்களின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' பட்டமாக ஏறியது. பின்னாளில் படத் தயாரிப்பாளராக வந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் வரை அந்தப் பட்டம் தொடர்ந்தது.

நாகலிங்கம் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். இளமையிலேயே உடற்பயிற்சியிலும் வித்தை காட்டுவதிலும் தேறியவர். அந்த உடம்பை மூலதனமாக வைத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனார். எஸ்.என். பாடங்கரின் நிறுவனத்தில் சண்டைக் காட்சிகளுக்கான ஆளாகத்தான் முதலில் சேர்ந்தார். 1922-இல் வந்த 'பக்த போதனா' அவர் அங்கே தோன்றிய தொடக்ககாலப் படம். அடுத்த ஆண்டே 'வீர் பீம்சேன்' படத்தில் கதாநாயகனானார்.

பீமன்! தீர்த்தமலை வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தப் பாத்திரத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தருமபுரிச் சீமை பாரதக் கூத்தின் மண். திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடந்து, முடிவில் துரியோதனன் படுகளம் வரும். களத்தில் மண்ணால் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றிச்சுற்றி வந்து, கதாயுதத்தைச் சுழற்றி, பீம வேடக்காரர் எழுப்புகிற கர்ஜனை அடுத்த ஊருக்குக் கேட்கும். கூத்துப் பீமன் முதலில் ஒரு குரல். மத்தளமும் முகவீணையும் அவனுக்கு முன்னால் வரும்; கட்டியங்காரன் அவனைக் கேள்வி கேட்பான்; அவன் தன் பெருமையைத் தானே பாடிச் சொல்வான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் உடம்பை மூடிவிடும். உள்ளே இருக்கிற ஆள் மெலிந்தவராக இருந்தாலும் குரலும் அடவும் அவரை பீமனாக்கிவிடும்.

பேசாத படத்தின் பீமனுக்கு இந்த வசதிகள் ஒன்றும் கிடையாது. கர்ஜனை போயிற்று. பாட்டு போயிற்று. கேமரா அருகில் வருவதால் கட்டையும் பதக்கமும் வெறும் மரமாகத் தெரிந்துவிடும். மிஞ்சுவது தோள், மார்பு, நடை, கண். இப்படிப்பட்ட பீமனுக்கு உண்மையிலேயே உடம்பு வேண்டும். புதுக்கோட்டைப் பயில்வானைப் பம்பாய் கதாநாயகனாக்கிய காரணம் இந்த இடத்தில் இருக்கிறது.

பேசாத படங்களை வெறும் புராணப் பொம்மலாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள், கூத்திலிருந்து திரைக்கு வந்த இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் பீமன் கதைதான். சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆர். நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் தொழில் கற்று, கீழ்ப்பாக்கத்தில் கொட்டகை போட்டு எடுத்த படம் 'கீசக வதம்'. விராட நாட்டில் திரௌபதியைத் தொந்தரவு செய்த கீசகனைப் பீமன் கொல்கிற அந்தக் கதை, கூத்துக் களத்தில் ஓர் இரவு முழுக்க நடக்கும். முதலியார் அதைச் சில ஆயிரம் அடி பிலிமுக்குள் அடக்கினார். எடுத்த பிலிமைக் கழுவ, குளிர்ச்சியான பெங்களூருக்கு அனுப்பினார். மேலே வெள்ளைத் துணி கட்டி, வெயிலை வடிகட்டி, அந்த வெளிச்சத்தில் நடிகர்களை நிறுத்தினார். ஸ்டூடியோவில் நேர்ந்த தீவிபத்தும் மகனின் மரணமும் அவரை ஒடித்துப்போட்டன. 1923-இல் அவர் தொழிலை விட்டார். அதே ஆண்டில் பம்பாயில் 'வீர் பீம்சேன்' திரைக்கு வந்தது.

அந்தக் கால நடிகரின் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மின்விளக்கு அரிது. சூரியன் ஏறினால் வேலை, மேகம் மூடினால் ஓய்வு. ஒளிப்பதிவாளர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார். வினாடிக்குப் பதினாறு படம் என்பது பொதுவான கணக்கு. கை தளர்ந்தால் திரையில் நடிகர் ஓடுவார், கை முறுகினால் தவழ்வார். இயக்குநர் பக்கத்தில் நின்று 'இப்போது திரும்பு, இப்போது அழு' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார், ஒலிப்பதிவு இல்லாததால் அதற்குத் தடை இல்லை. உதடு அசைய வேண்டும், ஆனால் சொல்லின் பொருள் முகத்தில் முதலில் வந்துவிட வேண்டும். சொல்லை எழுத்து அட்டை பின்னால் கொண்டுவரும். சண்டைக்கு மாற்று ஆள் வைக்கும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. கூரையிலிருந்து குதிப்பதும் குதிரையிலிருந்து விழுவதும் பெரும்பாலும் நடிகரின் சொந்த எலும்பைப் பணயம் வைத்துத்தான்.

எழுத்து அட்டைகள் ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று இந்திய மொழிகளிலும் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்குவார். கூத்தின் கட்டியங்காரன்தான் இப்போது கொட்டகைக்குள் வேட்டியை மடித்துக்கட்டி நிற்கிறான் என்று சொன்னால் பொருந்தும். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தபோதே இந்தப் பழக்கத்துக்கு விதை விழுந்துவிட்டது. 1914-இல் அவர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலை நிலையான கொட்டகையாகக் கட்டினார்.

ராஜா சாண்டோவுக்குத் திரும்புவோம். பலத்தைக் காட்டியே அவர் காலம் தள்ளியிருந்தால் இன்று அவரைப்பற்றி எழுத அதிகம் இருக்காது. இத்தாலியில் பர்தொலொமேயோ பகானோ என்ற துறைமுகத் தொழிலாளி, 1914-இல் 'கபிரியா' படத்தில் மாசிஸ்தே என்ற பலசாலியாக நடித்து, அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மாசிஸ்தேவாகவே இருந்துவிட்டார். உடம்பால் வந்த நடிகனுக்கு உடம்பே சிறையாகிவிடுவது உலகெங்கும் நடந்தது. நம்மவர் அந்தச் சிறையை உடைத்தார். எப்படி உடைத்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் மிகச் செழிப்பான பகுதி.

1920-களின் நடுவில் பம்பாயின் கோஹினூர் ஸ்டூடியோ நாட்டின் பெரிய படத் தொழிற்சாலையாக இருந்தது. அங்கே சுலோசனா என்ற ரூபி மயர்ஸும் கோஹரும் நாயகிகள். 1926-இல் ஹோமி மாஸ்டர் இயக்கிய 'டெலிபோன் கேர்ள்' படத்தில் சுலோசனாவோடு ராஜா சாண்டோ நடித்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்கிற பெண்ணைக் கதாநாயகியாக்கிய படம் அது. பீமனுக்கு அங்கே வேலை இல்லை. கோட்டு போட்ட நகரத்து ஆண்பிள்ளை வேண்டும். 1927-இல் சந்துலால் ஷாவின் 'குணசுந்தரி'யில் கோஹருக்கு ஜோடி. அதே காலத்தில் 'படித்த மனைவி' என்று பொருள்படும் 'பணேலி பாமினி', 1928-இல் 'கிருகலட்சுமி', 'விசுவமோகினி' என்று கோஹரோடு தொடர்ந்து நடித்தார்.

'குணசுந்தரி' வீட்டு வேலையில் தேய்ந்துகொண்டிருக்கும் மனைவியைப் பற்றியது. கணவனின் மனம் வெளியே அலைகிறது. அவள் அழுதுகொண்டே கிடக்காமல் அவனுக்குச் சரிசமமான துணையாக வெளியே வரத் துணிகிறாள். இந்தக் கதையில் கணவன் வேடத்தைச் சுமக்கிறவன் தசையைக் காட்டினால் கேலியாகிவிடும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து சலிப்பைக் காட்ட வேண்டும். மனைவியின் மாற்றத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்க வேண்டும். பயில்வான் தன் உடம்பை அடக்கக் கற்றுக்கொண்டது இத்தகைய படங்களில்தான். 'வீர் பீம்சேன்' வந்து நான்கே ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது. நடிப்புத் தொழிலில் இதைவிடக் கடினமான பயணம் அதிகம் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தாய்மொழி தமிழான ஒருவர் பம்பாயில், குஜராத்தி இயக்குநர்களின் படத்தில், யூதப் பெண்ணான சுலோசனாவுக்கு எதிரே நாயகனாக நின்றார். அதைக் கராச்சியிலும் லாகூரிலும் சென்னையிலும் பார்த்தார்கள். அவருடைய உச்சரிப்பு என்ன, ஊர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வழியும் இல்லை. மௌனம்தான் அவருக்கு எல்லைகளைத் திறந்துவிட்டது. 1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கியதும் அந்தக் கதவுகள் மளமளவென்று சாத்தப்பட்டன. அந்தப் படத்தின் நாயகன் மாஸ்டர் விட்டல், சாண்டோவைப் போலவே உடற்பயிற்சியிலிருந்து வந்தவர். அவருக்கு உருது உச்சரிப்பு வரவில்லை; படத்தின் பல காட்சிகளில் அவரை மயக்கநிலையில் வைத்து வசனத்தைக் குறைத்தார்கள். சுலோசனா இந்துஸ்தானி கற்பதற்காகத் திரையிலிருந்து கொஞ்சகாலம் விலகியிருந்து, 1932-இல் 'மாதுரி' என்ற பேசும்படத்தோடு மீண்டார்.

ராஜா சாண்டோ இந்த வெள்ளம் வருவதற்கு முன்பே வேறு கரையில் கால் வைத்திருந்தார். பம்பாயிலேயே இயக்கத் தொடங்கியிருந்த அவர், தமிழ்நாட்டுக்கு வந்து, ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸுக்காகப் படங்கள் எடுத்தார். 1930-31இல் வந்த அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே போக்கு விளங்கும்: 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்', 'ராஜேஸ்வரி'. அரக்கர்களும் தேவர்களும் ஆண்டுகொண்டிருந்த சென்னைத் திரையில் அநாதையான ஒரு பெண்ணும், சிதம்பரத்துக்குள் நுழைய முடியாமல் நின்ற ஒடுக்கப்பட்ட அடியாரும் தலைப்பிலேயே ஏறினார்கள். கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த கே. சுப்பிரமணியம் இந்த நிறுவனத்தில்தான் திரைக்கதைத் தொழிலுக்கு வந்தார். பிறகு 'பாலயோகினி', 'தியாகபூமி' எடுத்த அந்த சுப்பிரமணியத்தின் சமூகப் படங்களைக் கொண்டாடுகிறவர்கள், அவர் முதலில் உட்கார்ந்த திண்ணை சாண்டோவுடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் சினிமாவைப் புராணத்திலிருந்து சமூகக் கதைக்குத் திருப்பியவர் என்ற புகழை வரலாற்றாசிரியர்கள் சாண்டோவுக்குத் தருகிறார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. அந்தத் திருப்பத்தின் வேர் சென்னையில் இல்லை. சந்துலால் ஷாவிடம் கோஹருக்கு எதிரே கணவனாக நின்ற நாட்களில் அவர் உள்வாங்கிய பாடம் அது. வீட்டுக்குள் நடக்கிற போராட்டத்தைப் படமாக்கினால் கொட்டகை நிரம்பும் என்பதை அவர் நடிகராக இருந்து கண்ணால் கண்டிருந்தார். பம்பாயில் நடித்த ஆண்டுகளைச் சுருக்கமாகத் தாண்டிவிட்டு 'இயக்குநர் சாண்டோ'வை மட்டும் எழுதுவது, மரத்தைச் சொல்லி விதையை விடுவது போன்றது.

1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' என்ற பேசும்படம் வெளியானது. ஒரே படத்தில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலித்தன. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1929-இல் 'கோவலன்' என்ற பேசாத படத்தில் நடித்தவர். நாடக மேடையில் பாடிப் பழகியவர் என்பதால் புதிய காலம் அவரை வாரி எடுத்துக்கொண்டது. பாட்டுத் தெரியாத பயில்வான்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தமிழ்ப் பேசும்படம் பாடகர்களின் சொத்தாக மாறியது. சாண்டோ பம்பாயில் சில இந்திப் பேசும்படங்களில் நடித்தார். 1934-இல் சுலோசனாவோடு 'இந்திரா எம்.ஏ.' அவற்றில் ஒன்று. தமிழில் அவர் கேமராவுக்குப் பின்னால் நிலைகொண்டார்.

அங்கே அவர் செய்தது சிறிய வேலை இல்லை. 1935-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை, டி.கே.எஸ். சகோதரர்களின் மேடையில் புகழ்பெற்றிருந்த நாடகத்தை, 'மேனகா' என்று படமாக்கினார். டி.கே. சண்முகமும் என்.எஸ். கிருஷ்ணனும் அதில் இருந்தார்கள். தமிழின் முதல் சமூகப் பேசும்படம் என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். அடுத்த ஆண்டு 'சந்திரகாந்தா'. ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவலிலிருந்து வந்த அந்தப் படம் போலி மடாதிபதியைத் தோலுரித்தது, அதில்தான் பி.யு. சின்னப்பா திரைக்கு அறிமுகமானார். அவரும் புதுக்கோட்டைக்காரர், சிலம்பமும் சுருள்வீச்சும் உடற்பயிற்சியும் கற்றவர், அதோடு பாடத் தெரிந்தவர். ஒரு தலைமுறைக்கு முன்னால் பிறந்த பயில்வான், ஒரு தலைமுறைக்குப் பின்னால் வந்த பயில்வானைப் பேசும் திரையில் ஏற்றிவிட்ட அந்தக் கணம் தமிழ் சினிமா வரலாற்றில் தனியாக நினைக்கத்தக்கது. 1937-இல் 'மைனர் ராஜாமணி', 1939-இல் எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து 'திருநீலகண்டர்', 1942-இல் 'ஆராய்ச்சிமணி' என்று வரிசை நீண்டது.

படப்பிடிப்பில் அவர் மிகக் கண்டிப்பானவர் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். கை நீட்டவும் தயங்காதவராம். இன்று அதை யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள், நியாயப்படுத்தவும் கூடாது. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்து, சூரியன் சாய்வதற்குள் காட்சியை முடித்தாக வேண்டிய ஸ்டூடியோக்களில் தொழில் கற்ற ஒருவர், மேடையிலிருந்து தாமதமாக வந்து மைக்கைப் பார்த்துப் பாடிவிட்டுப் போகிற நடிகர்களைச் சந்தித்தபோது என்ன மோதல் வந்திருக்கும் என்பதை இந்தப் பேச்சுகளின் வழியே ஊகிக்கலாம்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி, இந்த நடிப்பையெல்லாம் எங்கே பார்ப்பது? இந்தியாவில் எடுத்த பேசாத படங்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். முழுதாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பது அளவில்தான். நைட்ரேட் பிலிம் தானாகவே பொடியாகும், சட்டென்று தீப்பற்றும். பேச்சு வந்ததும் பழைய பிரதிகளுக்கு விலையில்லாமல் போயிற்று. அதில் இருக்கிற வெள்ளிக்காகக் கழுவி விற்றார்கள். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-இல். அதற்குள் பேசாத காலம் ஓய்ந்து முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சாண்டோ தமிழ்நாட்டில் எடுத்த பேசாத படங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தெற்கில் தப்பியது ஒரே ஒரு படம், 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டு, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போய், அங்கேயே கிடந்தது. 1970-களில் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஓடி லாபம் பார்த்த படங்கள் எல்லாம் அழிந்தன. ஓட விடாமல் பூட்டிவைத்த படம் பிழைத்தது.

படங்கள் போனாலும் பார்த்தவர்களின் பேச்சு கொஞ்சம் இருக்கிறது. 1927-28இல் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசு அமைத்த சினிமா விசாரணைக் குழு நாடெங்கும் போய் 353 சாட்சிகளை விசாரித்தது. கொட்டகை முதலாளிகள், ஆசிரியர்கள், அதிகாரிகள், நடிகைகள் என்று பலதரப்பட்டவர்கள் பேசிய அந்தச் சாட்சியத் தொகுதிகள் அச்சில் இருக்கின்றன. சாண்டோ புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகள் அவை. அன்றைய இந்தியன் திரையில் எதைப் பார்த்தான், எதற்குக் கோபப்பட்டான் என்பதை அறிய அதைப்போன்ற சுரங்கம் வேறில்லை. தமிழில் அதை முழுமையாகக் கொண்டுவருகிற வேலையை யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.

சாண்டோவின் கடைசி வேலை 'சிவகவி'. பாகவதர் நாயகன். பாதியில் தயாரிப்பாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவுடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டு சாண்டோ விலக, நாயுடு தாமே இயக்கி முடித்தார். படம் 1943-இல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டு கோயம்புத்தூரில் மாரடைப்பால் சாண்டோ இறந்தார். ஐம்பதை எட்டவில்லை. தமிழ்த் திரைக்குத் தொண்டு செய்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது.

'சிவகவி' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாகவதர் பாடி முடித்து வாய் மூடுகிற இடங்களில், எதிரே நிற்கிறவர் ஒரு சொல்லும் இல்லாமல் தலையைத் திருப்புகிற, கையைத் தாழ்த்துகிற சில நொடிகள் அதில் வரும். பாட்டுக்காக அந்தப் படத்தைப் போடுகிறவர்கள், அடுத்த முறை அந்த நொடிகளையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.